கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆன ஒரு கணினி, பொத்தானை அழுத்திய பிறகு முகப்புத் திரையைக் காட்டவே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது, அதற்கு வயதாகிவிட்டது என்ற முடிவுக்கு வீட்டிலுள்ளவர்கள் எளிதில் வந்துவிடுகிறார்கள். பழுது பார்க்கும் கடையில் ஃபார்மட் அடித்துவிடலாம் என்பார்கள். விற்பனைக் கடையில் புதியதை வாங்கிவிடுவதே மேல் என்பார்கள். இரண்டு யோசனைகளும் சில வேளைகளில் சரியானவையே என்றாலும், அந்தக் கணினி எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்று பார்க்காமலேயே பெரும்பாலும் அவை சொல்லப்படுகின்றன. ஒரு பிராசசர் முதல் நாளில் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குகளைப் போட்டதோ, அதே அளவு கணக்குகளை, சூடு கட்டுக்குள் இருக்கும் வரை, பத்து ஆண்டுகள் கழித்தும் போடும். காலப்போக்கில் மாறுவது அதன்மேல் ஏற்றப்படும் மென்பொருள்களின் சுமையும், அதற்கு வேண்டிய தரவுகளை எடுத்துக் கொடுக்கும் மற்ற பாகங்களின் நிலையும்தான். ஆகவே மெதுவாகிவிட்ட கணினியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எதற்காகக் காத்திருக்கிறது என்பதே.

அன்றாடப் பயன்பாட்டில் வேகத்தைத் தீர்மானிக்கும் பாகங்கள் மூன்று. மையச் செயலகமான பிராசசர் கணக்குகளைப் போடுகிறது. ரேம் என்னும் தற்காலிக நினைவகம், அந்த நேரத்தில் திறந்திருக்கும் வேலைகளுக்கான தரவுகளை வைத்திருந்து, மின்சாரம் நின்றதும் அனைத்தையும் இழந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி எனப்படும் சேமிப்பகம், மின்சாரம் இல்லாதபோதும் கோப்புகளைக் காத்து வைக்கிறது. ஒரு மென்பொருளைத் திறக்கும்போது அது சேமிப்பகத்திலிருந்து ரேமுக்கு வந்து, அங்கிருந்து பிராசசருக்குச் செல்கிறது. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு சாதாரணமாக நினைப்பதைவிட மிகப் பெரியது. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு ஒரு நொடியில் 300 கோடி துடிப்புகள் உண்டு. அந்தத் துடிப்பு ஒன்றை ஒரு நொடியாக நீட்டிப் பார்த்தால், ரேமிலிருந்து ஒரு தரவு வந்து சேர ஏறத்தாழ 5 நிமிடங்கள் ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து வர மூன்றரை நாள்கள் ஆகும். சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து வருவதற்கோ ஓராண்டுக்கு மேல் ஆகும். பிராசசர் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்த ஓராண்டையும் அது சும்மா இருந்தே கழிக்க வேண்டும்.

பிராசசரின் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் வைத்து அளக்கும் பழக்கம் 1990-களின் விளம்பரங்கள் விட்டுச்சென்றது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 பிராசசர் 2004-ஆம் ஆண்டிலேயே 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளிவரும் என்று அறிவித்திருந்த அந்நிறுவனம், அதே ஆண்டில் அத்திட்டத்தைக் கைவிட்டது. துடிப்பு வேகத்தைக் கூட்டக் கூட்ட வெப்பமும் மின்செலவும் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்ததால், அதன் பிறகு ஒரே சில்லில் பல கோர்களை, அதாவது தனித்தனியே கணக்குப் போடக்கூடிய பல அலகுகளை, வைக்கும் வழிக்குத் தொழில்நுட்பம் திரும்பியது. ஒரு துடிப்பில் செய்து முடிக்கும் வேலையின் அளவு பிற்காலப் பிராசசர்களில் கூடியிருப்பது உண்மையே. எனினும் கடிதம் தட்டச்சு செய்யவும், கடைக் கணக்கு எழுதவும், இணையத்தில் படிவம் நிரப்பவும் பத்தாண்டு பழைய ஐ5 பிராசசர் இன்றும் தாராளமாகப் போதும். திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடம், 2010-களில் வாங்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியோடு வந்த முதல் ஹார்டு டிஸ்கில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், மொத்தக் கொள்ளளவு இன்றைய கணக்கில் 4 எம்பிக்கும் குறைவே. அன்று முதல் கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியிருந்தாலும் அடிப்படை இயக்கம் மாறவில்லை: காந்தப்பூச்சு கொண்ட தட்டு சுழல்கிறது, மெல்லிய கை ஒன்றின் நுனியிலுள்ள முனை அதன் மேற்பரப்பைத் தொடாமல் மிக நெருக்கமாக நகர்ந்து தரவுகளைப் படிக்கிறது. மேசைக் கணினியின் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்வதால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய தரவு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கை உரிய தடத்துக்கு நகர்வதற்கே 9 மில்லி நொடி அளவில் ஆகிவிடும். இரண்டையும் கூட்டினால் ஒரு தேடலுக்கு 13 மில்லி நொடி. ஆக, ஒரு நொடியில் எழுபத்தைந்து தேடல்கள் செய்வதே அதற்குப் பெரும்பாடு. மடிக்கணினிகளில் பரவலாக வந்த 5400 சுற்று டிஸ்குகள் இதைவிடவும் மெதுவானவை.

ஒரு திரைப்படக் கோப்பைப் போல ஒரே தொடராக எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை. முனை ஓரிடத்தில் நிற்க, தட்டு சுழலச் சுழல நொடிக்கு 100 எம்பிக்கு மேல் வந்துகொண்டிருக்கும். ஆனால் விண்டோஸ் தொடங்கும் நேரத்தில், வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கேட்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 4 கேபி அளவுள்ள துண்டு என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு எழுபத்தைந்து துண்டுகள் என்ற கணக்கில் கிடைப்பது 300 கேபி மட்டுமே. அதே வேளையில் வைரஸ் தடுப்பு மென்பொருளும் விண்டோஸ் புதுப்பிப்பும் கோப்புகளைத் துழாவத் தொடங்கினால், அந்தக் கை இங்குமங்கும் அலைந்து எந்த வேலையையும் உருப்படியாக முடிப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்கத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசசர், ரேம், டிஸ்க் ஆகியவற்றின் அப்போதைய நிலை வரைபடமாக ஓடும். கணினி திணறும் நேரத்தில் இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது முக்கியம். எல்லாம் அமைதியாக இருக்கும்போது பார்ப்பதில் பயனில்லை. பிராசசர் 15 சதவீதத்தில் சோம்பிக் கிடக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிலைகுத்தி நின்று, அதன் கீழே படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்று காட்டினால், நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் அது வேறு நோய். பிராசசரே 100 சதவீதத்தில் நின்றால், எந்த மென்பொருள் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதை பிராசஸஸ் பகுதியில் பெயரோடு காணலாம். மூன்றுமே அமைதியாக இருந்தும் இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால், குறை கணினியில் இல்லை. வைஃபை கருவிக்கும் கணினிக்கும் நடுவிலுள்ள சுவர்களையும், இணைய இணைப்பையும்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்க்தான் தடை என்று உறுதியானால், அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதைப் போலக் கொடுத்த காசுக்குப் பலன் தரும் செலவு கணினியில் வேறில்லை. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமோ நகரும் கையோ கிடையாது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளே அதில் தரவுகளைத் தாங்குகின்றன. எந்த இடத்திலுள்ள தரவும் ஏறக்குறைய 0.1 மில்லி நொடியில் கிடைத்துவிடுவதால், சிதறிய சிறு கோப்புகளைப் படிப்பதில் அது ஹார்டு டிஸ்கை நூறு மடங்குக்கு மேல் முந்துகிறது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்டவை ஹார்டு டிஸ்க் கொண்டவை. வீட்டுப் பரணில் கிடக்கும் அத்தகைய மடிக்கணினிகூட, மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால், இந்த ஒரு மாற்றத்தால் தட்டச்சுக்கும் படிப்புக்கும் மீண்டும் பயன்படும் நிலைக்கு வரக்கூடும்.

சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ எஸ்எஸ்டி கேட்கும்போது, எந்த வகை என்ற கேள்வி உடனே எழும். பழைய மடிக்கணினிகளிலும் மேசைக் கணினிகளிலும் பொருந்துவது 2.5 அங்குலச் சாட்டா வகை. பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே, அதே இணைப்பியில் இது உட்காரும். நொடிக்கு 550 எம்பி அளவே இதன் உச்ச வேகம். பிந்தைய கணினிகளில், மதர்போர்டிலேயே செருகக்கூடிய, சூயிங்கம் பட்டையளவு மெல்லிய எம்.2 வகை வந்துவிட்டது. அதன்மேல் 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா முறையில் இயங்குவதும் உண்டு, என்விஎம்இ என்னும் வேகமான முறையில் இயங்குவதும் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும் மதர்போர்டுகள் பல இருப்பதால், கணினியின் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது. என்விஎம்இ வகை நொடிக்கு 3500 எம்பி, 7000 எம்பி என்றெல்லாம் பெட்டியில் போட்டுக்கொள்வதைப் பார்த்து மயங்கவும் தேவையில்லை. பெரிய காணொளிக் கோப்புகளை வெட்டி ஒட்டும் தொழிலில் இருப்பவருக்கு அது பயன்படும், மற்றவர்களுக்குச் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்ற அச்சம் அடிப்படையில் சரி, அளவில் தவறு. 500 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு 300 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரப்படுவதுண்டு. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த வரம்பை எட்ட 40 ஆண்டுகள் ஆகும். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. ஹார்டு டிஸ்க் பழுதாகும் முன் பல வேளைகளில் கடகடவென்று ஒலியெழுப்பியோ, சில கோப்புகளைத் திறக்க மறுத்தோ எச்சரிக்கும். எஸ்எஸ்டியோ நேற்று வரை நன்றாக இயங்கிவிட்டு இன்று அடையாளமே காட்டாமல் போகக்கூடும், அதிலிருந்து தரவுகளை மீட்பதும் கடினம். மேலும், மின்சாரமே தராமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டு வைக்க எஸ்எஸ்டி ஏற்றதில்லை, ஏனெனில் அதன் சில்லுகளில் தேக்கப்பட்ட மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. திருமணப் படங்களையும் பத்திர நகல்களையும் காத்து வைக்கும் வேலையைக் கழற்றப்பட்ட ஹார்டு டிஸ்க், இன்னும் நல்ல நிலையில் இருந்தால், ஒரு யுஎஸ்பி உறைக்குள் அமர்ந்து செய்யட்டும். ஹார்டு டிஸ்குக்குச் செய்துவந்த டிஃப்ராக்மென்ட் என்னும் ஒழுங்குபடுத்தல் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு வைத்தால் போதும்.

ரேமின் கதை சற்று வேறானது. ரேம் போதுமான அளவு இருக்கும்போது, மேலும் கூட்டுவதால் வேகம் கூடுவதில்லை; போதாதபோது மட்டும் சரிவு திடீரென்று வருகிறது. இடம் நிரம்பியதும் விண்டோஸ், அப்போதைக்குப் பயன்படாத தரவுகளைச் சேமிப்பகத்திலுள்ள பேஜ் ஃபைல் என்னும் கோப்புக்கு மாற்றி வைத்து, கேட்கும்போது மீண்டும் எடுத்துவருகிறது. அந்தச் சேமிப்பகம் ஹார்டு டிஸ்காக இருந்துவிட்டால், மேலே சொன்ன ஓராண்டுக் காத்திருப்பு ஒவ்வொரு சொடுக்கிலும் நிகழும். இன்று ரேமை அதிகம் விழுங்குவது பிரவுசர்தான். 2018-இன் தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியான பின், ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் திருடாமலிருக்க ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரித்து ஓட்டும் முறையைக் குரோம் அனைவருக்கும் நடைமுறைப்படுத்தியது. அதனால் ரேம் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் நிறுவனமே தெரிவித்தது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை அது, குறை சொல்வதற்கில்லை. 4 ஜிபி ரேம் கொண்ட கணினியில் இருபது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக இருக்கிறது என்று வருந்துவோர், டேப்களை மூடலாம் அல்லது ரேமை 8 ஜிபியாக உயர்த்தலாம். தற்போதைய விண்டோஸில் சாதாரண வேலைகளுக்கு 8 ஜிபி போதும், பல மென்பொருள்களை ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்பவர்களுக்கு 16 ஜிபி வசதியாக இருக்கும்.

ரேம் வாங்கும்போது தலைமுறை பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடங்களில் அமைந்திருப்பதால் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று உட்காராது; மின்னழுத்தமும் வேறு. மடிக்கணினிக்கான ரேம் மேசைக் கணினிக்கானதில் பாதி நீளமே இருக்கும். ஒரே 8 ஜிபி பட்டைக்குப் பதில் இரண்டு 4 ஜிபி பட்டைகளைப் போட்டால், பிராசசர் இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில் தரவு எடுக்க முடியும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக் காட்சிக்கும் இதே ரேம்தான் பயன்படுவதால், இந்த ஏற்பாடு அங்கே நன்றாகவே பலன் தரும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது; அவற்றில் வாங்கும் நாளில் இருக்கும் அளவே கடைசிவரை இருக்கும் அளவு என்பதால், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகக் குறைந்த ரேமுள்ள மாடலை எடுப்பது நல்ல பேரமாகாது. கணினி திடீரென்று இயங்க மறுத்து வெறும் பீப் ஒலியை மட்டும் எழுப்பினால், கடைக்காரர் ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் செருகுவதைப் பலர் பார்த்திருக்கலாம். படிந்த அழுக்கும் ஆக்சைடும் நீங்கித் தொடர்பு சீராவதால் அது பல வேளைகளில் பலிக்கவே செய்கிறது.

டிஸ்கும் ரேமும் சரியாக இருந்து, தொடங்கிய பத்து நிமிடங்கள் வரை நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெதுவாகும் கணினிக்குச் சூடே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிராசசர் 90 அல்லது 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே துடிப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பகுதியைத் திறந்து, அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருக்க, வேலைப் பளு உள்ள நேரத்தில் ஓடும் வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கி நின்றால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். சில மடிக்கணினிகள், செருகிய அடாப்டர் தமக்குரியதில்லை என்று கண்டாலும் இப்படியே வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், அடாப்டரையும் ஒருமுறை மாற்றிப் பார்க்க வேண்டும். கோடையில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊர்களில் பிராசசருக்குக் கிடைக்கும் வெப்ப இடைவெளி ஏற்கெனவே குறைவு. அதோடு, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணிபோல் படிந்துவிட்டால் காற்று வெளியேற வழியிருப்பதில்லை. மடிக்கணினியை மெத்தையின்மீதோ தலையணையின்மீதோ வைப்பது அடிப்புறக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்; கீழே ஓர் அட்டையையோ பலகையையோ வைத்தாலே சில டிகிரி இறங்கும்.

மேசைக் கணினியைத் தூசி தட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, புளோயரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். அப்போது விசிறியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது தாறுமாறான வேகத்தில் சுழன்று அச்சு கெட்டுப்போகும். ஈரத் துணியும் வீட்டைப் பெருக்கும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். பின்னது நிலைமின்சாரத்தை உண்டாக்கி நுண்சில்லுகளைப் பாழாக்கக்கூடும். பிராசசருக்கும் அதன்மேல் அமர்ந்துள்ள உலோகத்துக்கும் இடையில் பூசப்படும் தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துவிடுவதால், விசிறி இரைந்துகொண்டே இருக்கும் பழைய கணினியில் அதைப் புதிதாகப் பூசச் சொல்வது பயனுள்ள சிறு செலவு. மடிக்கணினியைப் பிரிப்பது பழக்கப்பட்டவர் கையால் நடக்கட்டும். டச்பேட் மேலெழும்பியோ, அடிப்பலகை உப்பியோ தெரிந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது, உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணங்களில் பாதி தவறானவை. மடிக்கணினி அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளித்துக்கொள்வதால் அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். இடி மின்னலின்போது பிளக்கையும் இணையக் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் உண்மையான காப்பு. பழுதான அடாப்டருக்கு மாற்று வாங்கும்போது வோல்ட் அளவும் முனையின் துருவமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பிஐஎஸ் பதிவுக்குறி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். உலோக உடல் கொண்ட கணினியைத் தொடும்போது விரலில் மெல்லிய கிறுகிறுப்பு ஏற்பட்டால், எர்த் இணைப்பு வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை மாற்றியில் செருகும் பழக்கத்தை விட்டொழித்து, சுவர் சாக்கெட்டின் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்ல வேண்டும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் அவசியம், ஏனெனில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு மட்டுமின்றி இயங்குதளமே சிதையலாம். ஆனால் அந்த யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகக் கூடாது. மையை உருக்கும் சூட்டுக்காக அது திடீரென்று இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

சில குறைகள் மிகப் பெரியவையாகத் தோன்றி மிகச் சிறிய செலவில் தீர்பவை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய், வங்கித் தளமும் மின்னஞ்சலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று மிரட்டினால், வைரஸ் புகுந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு என்பதால், கணினியின் தேதி தவறினால் எல்லாச் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தெரிகின்றன. அதேபோல, ஷட் டவுன் செய்து மீண்டும் தொடங்கியும் தீராத சிறு கோளாறு ரீஸ்டார்ட் கொடுத்தால் தீர்வதுண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து மறுமுறை எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் மட்டுமே அதை முழுதாகக் கலைத்துப் புதிதாகத் தொடங்குகிறது.

வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாக்களை நிறுவாமல் இருப்பதே நல்லது. ரேமை வலிந்து காலிசெய்தால், கணினி அதே தரவுகளை மீண்டும் டிஸ்கிலிருந்து எடுத்து வர வேண்டியிருக்குமே தவிர வேறு பலனில்லை. இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே கணினியில் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருப்பதும் தேவையற்ற சுமை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே சாதாரணப் பயனருக்குப் போதும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், கணினி தொடங்கும்போதே தாமும் எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கிறது. தெரிந்த பெயர்களில் வேண்டாதவற்றை அங்கே டிசேபிள் செய்தால் காசு செலவில்லாமல் காலைக் காத்திருப்பு சற்றுச் சுருங்கும். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கப்படும் பென்டிரைவ் போலியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; உள்ளே சில ஜிபி மட்டுமே இருக்க, பெரிய எண்ணைக் காட்டும்படி ஏமாற்றி அமைக்கப்பட்ட அவற்றில், உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதப்படும் கோப்புகள் சத்தமின்றித் தொலைந்துபோகும். 1 டிபி டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் ஏமாற்று இல்லை; தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளாகவும் விண்டோஸ் 1024-இன் மடங்குகளாகவும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரையும் கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் நல்ல வழி; பிரவுசர், அலுவலக மென்பொருள், யூனிகோட் தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அச்சகங்களிலும் டிடிபி நிலையங்களிலும் பேஜ்மேக்கரையும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களையும் நம்பித் தொழில் செய்பவர்கள் அவசரப்பட்டு மாறிவிடக் கூடாது; பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல் என்றாலும், அதில் வடிவமைத்த பழைய கோப்புகளைத் திறக்க இன்றும் விண்டோஸ் கணினி ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தனியே வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

எல்லாக் கணினிகளும் காப்பாற்றத் தக்கவை என்று கொள்ள வேண்டியதில்லை. டிடிஆர்2 ரேம் கேட்கும் மதர்போர்டு கொண்டவற்றிலும், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகமும் 2 ஜிபி ரேமும் பற்றவைக்கப்பட்ட மலிவு மடிக்கணினிகளிலும் பணம் போடுவது வீண்; விண்டோஸ் புதுப்பிப்புக்கே பின்னவற்றில் இடம் போதாது. மற்றவற்றில் எஸ்எஸ்டி மாற்றுவதாக முடிவு செய்தவர்கள், கணினியைக் கடையில் கொடுக்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும், கழற்றிய பழைய ஹார்டு டிஸ்கை மறக்காமல் கேட்டு வாங்கி வர வேண்டும். டெலீட் செய்த கோப்புகளை மட்டுமின்றி, மேலோட்டமாக ஃபார்மட் அடித்த டிஸ்கிலிருந்தும் கோப்புகளை மீட்டெடுக்க இலவச மென்பொருள்களே போதும்.